கூட்டிப் பெருக்கிய தோட்டம்

ஓட்டலில் அறைகளின் சுத்தத்தை மேற்பார்வை பார்க்கும் அவளுக்கு வைத்த பெயர் விரலம்மா. நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவள் மாடிப்படி ஏறி வரும் சத்தம் கேட்டதும், அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்கள் ஒருத்திக்கொருத்தி ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டிக்கொள்வார்கள். கட்டிலின் தலைமாடு, டிவிக்குப் பின்பக்கம், கதவின் மேல் விளிம்பு என்று யாருமே பார்க்காத இடமாகப் பார்த்து அவள் விரலை ஓட்டுவாள். விரலில் தூசி ஒட்டிவிட்டால் அந்தப் பெண்ணின் பாடு அன்றைக்குத் திண்டாட்டம்தான். விருந்தாளிகள் எவரும் கதவின் மேல் விளிம்பைத் தடவிப் பார்ப்பதற்காக ஓட்டலுக்கு வருவதில்லை என்று மேனேஜரே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவர் மேசையிலும் விரலை ஓட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அவளுடைய தங்கை இதற்கு நேர் எதிர். அம்மா வேலைக்குப் போனதால் தங்கையைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதெல்லாம் இவள்தான். அந்தப் பெண்ணின் புத்தகப் பைக்குள் கைவிட்டால் போன வாரத்து வாழைப்பழத் தோல் கறுத்துப்போய்க் கையோடு வரும். "உன்னை எவன் கட்டிக்கிட்டு மாரடிக்கப் போறானோ" என்று அக்கா அலுத்துக்கொள்ளாத நாள் இல்லை. அதற்கென்றே பிறந்தவன் போல ஒருத்தர் வந்து சேர்ந்தார். அவருடைய தோட்டம் அந்தப் பையை விட மோசம்.

பார்த்தாலே விரலம்மாவுக்கு உடம்பு கூசும். எல்லாவற்றுக்கும் மேலே பலாவும் வாகையும் மாவும். அவற்றின் மேல் தொற்றி ஏறிய மிளகுக்கொடி. அதற்குக் கீழே வாழை, அதற்கும் கீழே கோகோ மரங்கள், தரையில் மஞ்சளும் கிழங்கும். இடையிடையே எது தானாக முளைத்தது, எது நட்டது என்று கேட்டால் அவருக்கே இரண்டு நிமிடம் யோசிக்க வேண்டும். காலடியில் இலைக்குப்பை கணுக்கால் வரை புதையும். வெட்டிய வாழைத்தண்டு வெட்டின இடத்திலேயே கிடந்து அழுகும். கோகோக் காயை உடைத்துக் கொட்டையை எடுத்த பிறகு ஓட்டை அப்படியே மரத்தடியில் வீசிவிடுவார். சுற்றிலும் இருந்தவர்கள் எல்லாரும் கோடு போட்டது போல இஞ்சி போட்டிருந்தார்கள். இவர் தோட்டத்தைத் தாண்டும்போது, "காட்டுக்குள்ள ஆள் இருக்காரா, இல்ல சிறுத்தை அடிச்சிருச்சா" என்று வேலிக்கு வெளியிலிருந்து குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அவர் கோபித்துக்கொண்டதில்லை. ஒரு மழைக்காலத்தில் அழுகல் நோய் வந்து, ஒரு வயலில் தொடங்கி ஊர் முழுக்க இஞ்சியைத் தின்று தீர்த்தது. அந்த வருஷம் அவர் வீட்டு வாசலில் பறித்த மிளகு காய்ந்தது, பழம் லாரி ஏறியது, கோகோ வழக்கம்போலக் காய்த்தது. மழை பொய்த்த வருஷம் கோகோ சுணங்கியபோது பலா காப்பாற்றியது. "ஒண்ணு கையை விரிச்சா இன்னொண்ணு கை குடுக்கும் அண்ணி. மேல நிக்கிற மரத்தை யாரும் வருமானம்னு எண்ண மாட்டாங்க. ஆனா வெயிலைத் தாங்குறது அது, கொடியைத் தாங்குறது அது, குருவிங்க வந்து புழுவைப் பொறுக்குதே, அதுவும் அந்த மரத்தாலதான். இதையெல்லாம் காசு குடுத்து வாங்கணும்னா நம்மளால ஆகாது" என்பார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. பேசினால் இதைத்தான் பேசுவார். விரலம்மா கேட்டுக்கொண்டே அவர் வீட்டு ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படிப்பட்டவருக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. ஆஸ்பத்திரி தொலைவில். அங்கேயே அறை எடுத்துத் தங்கியாக வேண்டும். தங்கை போன் பண்ணி அழுதாள். விரலம்மா சேர்த்து வைத்திருந்த விடுப்பையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு பையோடு தோட்டத்தில் வந்து இறங்கினாள். இந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. கூடப்பிறந்தவளுக்காக உயிரைக் கொடுக்கக் கூடியவள்தான். உயிரைக் கொடுத்ததோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை.

வந்த மறுநாள் வீட்டைக் கழுவினாள். அடுத்து மாட்டுக்கொட்டகை. அடுத்து வாசல். கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவளால் முடியாது. வாசலுக்கு எதிரே இருந்த முதல் வரிசைக் கோகோ மரங்களின் அடியைப் பெருக்கினாள். பெருக்கிய இடமும் பெருக்காத இடமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தது அவள் கண்ணை உறுத்தியது. கூலிக்கு இரண்டு பெண்களை அமர்த்திக்கொண்டாள். தோட்டம் முழுக்க இலைக்குப்பையை வாரி, அழுகிய வாழைத்தண்டுகளை இழுத்து, கோகோ ஓடுகளைப் பொறுக்கி, வெளிமூலையில் குவித்துக் கொளுத்தினார்கள். புகை பல நாள் அடங்கவில்லை. கடைசியில் தோட்டத்துத் தரை ஓட்டல் வரவேற்பறை மாதிரி ஆனது. பம்பு ரூமுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் மட்டும் பாக்கி. அங்கே குளவி கூடு கட்டியிருந்ததால் கூலிப்பெண்கள் வர மறுத்துவிட்டார்கள்.

தங்கை போனில் இதைக் கேட்டுச் சிரித்து, கணவரிடமும் சொல்லியிருக்கிறாள். அவர் போனை வாங்கி, "வாசலைப் பெருக்கினா போதும் அண்ணி. தோட்டத்துக்குள்ள இலை கிடந்தா மண்ணுல ஈரம் நிக்கும்" என்றார். சோம்பேறிகளுக்குக் காரணம் கிடைக்காமல் போகுமா என்று இவள் நினைத்துக்கொண்டாள். "நீங்க உடம்பைப் பாருங்க தம்பி, நான் இதைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பதில் பின்னால் எத்தனையோ தடவை அவள் காதில் ஒலிக்கப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்.

அவர்கள் திரும்பி வந்தபோது தங்கை தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்றாள். அவர் காரிலிருந்து நேராகக் கட்டிலுக்குப் போனார். கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடுவில் மட்டும் வாக்கரைப் பிடித்து நடக்கலாம், தோட்டத்துக் கரடுமுரடில் கால் வைக்கவே கூடாது என்பது டாக்டரின் கட்டளை. அதனால் விரலம்மா இன்னும் கொஞ்சநாள் இருப்பது என்று முடிவானது. இருந்தாள். இருக்கும்போதெல்லாம் காலையில் எழுந்து, விழுந்த இலை விழுந்தபடி கிடக்க விடாமல் பெருக்கினாள்.

கோகோ பூத்தது. கிளையில் மட்டுமல்ல, அடிமரத்திலும் ஒட்டிக்கொண்டு பூப்பது அதன் வழக்கம். சட்டைப் பொத்தான் அளவு வெள்ளைப் பூக்கள், மரத்துக்கு நூற்றுக்கணக்கில். அந்த வருஷம் பூவுக்குக் குறைவே இல்லை. ஆனால் மாலையில் பார்த்த பூ இரண்டு நாளில் உதிர்ந்தது. பிஞ்சு பிடிக்கவில்லை. மறுபடி பூத்தது, மறுபடி உதிர்ந்தது. பெருக்கிய தரையில் அந்த வெள்ளைப் பூக்கள் பளிச்சென்று தெரிந்தன. விரலம்மா அவற்றையும் பெருக்கித் தள்ளினாள்.

பக்கத்து நிலத்துக்காரர் வந்து மரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நெழல் ஜாஸ்தி. வெளிச்சம் இல்லாம எப்படிக் காய்க்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். தங்கைக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. ஏனென்றால் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் மேல்மரங்களின் கிளைகளைக் கழிக்க வேண்டும் என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். வலி தாங்காமல் தள்ளிப்போட்டிருந்தார். கட்டிலில் கிடந்தபடி அவரும் அதை ஒப்புக்கொண்டார். "ஆமா, கழிச்சிருக்கணும். நான்தான் விட்டுட்டேன்" என்றார்.

உண்மை விரலம்மாவுக்குத் தெரியவந்தது, தங்கையும் அவரும் பரிசோதனைக்குப் போயிருந்த ஒரு நாளில். முட்டையிடும் பருவத்துக் கோழி ஒன்றைக் காணோம் என்று தேடிக்கொண்டு பம்பு ரூமுக்குப் பின்னால் போனாள். குளவிக்குப் பயந்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அங்கே இருந்த கோகோ மரங்களின் அடிமரத்திலிருந்து கிளைவரை பிஞ்சு. விரல் நீளத்தில் சில, உள்ளங்கை நீளத்தில் சில. மேலே அதே வாகை, அதே பலா, சொல்லப்போனால் மற்ற இடத்தை விட இருட்டு. காலடியில் மட்டும் வித்தியாசம். பழைய ஓடுகளும் தண்டும் இலையும் மக்கி, சேறாகிக் கிடந்தன. ஒரு ஓட்டைக் காலால் புரட்டினாள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சிகள் குபீரென்று கிளம்பி முகத்தில் மொய்த்தன.

அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனால் சரியில்லாதது என்ன என்று யோசிக்க மனம் வரவில்லை. யோசிக்காமலே விட்டிருப்பாளோ என்னவோ, அன்று பார்த்துக் கோகோக் கொட்டை வாங்குகிற அம்மாள் தன் குட்டி லாரியில் வந்து இறங்கினார். விளைச்சல் எப்படி என்று முன்கூட்டியே பார்த்துப் போவது அவர் பழக்கம். தோட்டத்துக்குள் நாலு எட்டு வைத்தவர் தரையைப் பார்த்து, "என்னம்மா இது, இலையெல்லாம் எங்கே" என்றார்.

"பெருக்கியாச்சு" என்றாள் விரலம்மா.

அந்த அம்மாள் ஒரு மரத்தடியில் குனிந்து உதிர்ந்த பூவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "இந்தப் பூவுக்குள்ள தேனீ நுழையாது. கொசுவை விடச் சின்னதா ஒரு பூச்சி இருக்கு, அதுதான் நுழையணும். அது குஞ்சு பொரிக்கறது அழுகுன இலையிலயும் ஓட்டுலயும்தான். குப்பையைக் கொளுத்திட்டா பூச்சி போச்சு. பூச்சி போனா பூ பூத்துக்கிட்டே இருக்கும், காய்க்காது. ஒரே வகை மரமா வச்சிட்டுத் தரையையும் வழிச்சுப் போட்ட தோட்டமெல்லாம் எனக்கு இப்ப பாதிக் கொட்டைகூடத் தர்றதில்ல. இந்தத் தோட்டத்தை நம்பித்தான் நான் லாரி எடுத்துக்கிட்டு வருவேன்" என்றார். பிறகு நிமிர்ந்து, "யாரும்மா பெருக்குனது" என்று கேட்டார்.

"கூலி ஆளுங்க" என்றாள் விரலம்மா. வாய் முந்திக்கொண்டது. "தெரியாம பண்ணிட்டாங்க."

"பரவால்ல. மறுபடி இலையைப் போட்டு, வாழைத்தண்டை வெட்டிப் போட்டா கொஞ்ச நாள்ல பூச்சி வந்துரும். அடுத்த பூவுக்குச் சரியாயிரும். வீட்டுக்காரங்ககிட்டச் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போய்விட்டார்.

சொல்லியிருக்கலாம். அன்று மாலையே, கார் வந்து நின்றதுமே, தங்கையின் கையிலிருந்து மருந்துப் பையை வாங்கியபடியே சொல்லியிருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஆனால் தங்கை வரும்போதே வெடித்துக்கொண்டு வந்தாள். டாக்டர் இன்னும் சில மாதம் படுக்கை என்று சொல்லியிருக்கிறார். கோகோ வராது, கூலி கொடுக்க வழியில்லை, வருஷம் எப்படி ஓடும் என்ற பயம் அவளுக்கு. பயத்தைக் காட்ட வேறு ஆள் இல்லாததால் கட்டிலில் கிடந்தவரிடம் காட்டினாள்.

"மரம் மரம்னு கட்டிக்கிட்டு அழுதீங்களே. அந்த மரம்தான் இப்ப நம்ம தலையில விழுந்துருக்கு. ஊரே சொல்லுது நெழல்னு. உங்களுக்குத்தான் காது கேக்கல."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பு என்னுதுதான். வெட்டிடு" என்றார்.

விரலம்மா கதவருகில் மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே யாரோ உலுக்கினார்கள். தங்கை திரும்பி அவளைப் பார்த்தாள். பார்த்ததும் முகம் இளகி, "நீயாச்சும் இருக்கியேக்கா" என்றாள். அதோடு சொல்ல வந்தது உள்ளே போனது போனதுதான். வாழ்நாள் முழுக்க அந்தப் பெண்ணைக் குப்பைக்காரி, குப்பைக்காரி என்று திட்டி வளர்த்தவள் அவள். அந்தக் குப்பைதான் சோறு போட்டது, நான்தான் அதைக் கொளுத்தினேன் என்று எந்த வாயால் சொல்வது.

மறுநாள் சொல்வோம் என்று நினைத்தாள். மறுநாள் மரக்கடைக்காரர் வந்தார். மேல்மரங்களைத் தட்டித் தட்டிப் பார்த்து, ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். எல்லாவற்றையும் சாய்த்துவிட்டு இஞ்சி போடலாம் என்று பக்கத்து நிலத்துக்காரர் யோசனை சொன்னார். இஞ்சி அழுகிப்போய் வெறுங்கையோடு நின்ற அதே ஆள்தான் சொன்னார். அதைக்கூட எடுத்துச் சொல்ல விரலம்மாவுக்கு வாய் வரவில்லை. அவளுடைய கவலையெல்லாம் வேறு. மரக்காரர் விலை படியாமல் போய்விட மாட்டாரா, மழை வந்து தள்ளிப்போகாதா, அந்தக் கோகோக்காரம்மாளே வந்து தங்கையிடம் பூச்சியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு, இவளிடம் முன்பே சொன்னதைச் சொல்லாமல் போய்விட மாட்டாரா. தன் தவறு தானாகவே சரியாகி, தான் மட்டும் அப்படியே நல்லவளாக இருக்க ஒரு வழி கிடைக்காதா என்று மனிதர்கள் தேடுகிற தேட்டம் இருக்கிறதே, அது மாதிரிக் கேவலம் ஒன்று கிடையாது. அவளுக்கும் அது தெரிந்தே இருந்தது.

அவர் சாப்பாட்டைப் பாதியில் வைக்கத் தொடங்கினார். டாக்டர் சொன்ன உடற்பயிற்சியைச் செய்வதை நிறுத்திவிட்டார். இரண்டு கைகளையும் மார்பில் வைத்துக்கொண்டு மேலே கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒருநாள் அவள் தண்ணீர் கொண்டுபோய் வைத்தபோது, "நானே அவளுக்கு ஒரு பாரம் ஆயிட்டேன் அண்ணி. மரத்தைப் பத்தி நான் நெனச்சது கூடத் தப்பாயிருச்சு" என்றார். வேறு யாரோ ஒருத்தரைப் பற்றிப் பேசுவது போல அமைதியாகச் சொன்னார். விரலம்மா தண்ணீர்ச் செம்பை நேராக வைத்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் நேராக வைத்தாள். வெளியே வந்து அடுப்படியில் நின்று அழுதாள். அழுது முடித்தும் சொல்லவில்லை.

மரம் வெட்ட வருவதாகச் சொன்ன காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். இந்தத் தடவை உறுதியாகத்தான் இருந்தாள். பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே ரம்பத்தின் சத்தம் கேட்டது. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று ஆட்கள் சீக்கிரமே வந்திருந்தார்கள்.

வாயைக்கூடக் கொப்பளிக்காமல் ஓடினாள். அவள் போய்ச் சேருவதற்கும் பெரிய பலா சாய்வதற்கும் சரியாக இருந்தது. அந்த மரம் ஒரேயடியாக விழவில்லை. முதலில் லேசாகத் திரும்பியது, பிறகு முனகியது, பிறகு தன் மேல் ஏறியிருந்த மிளகுக்கொடியையும் பக்கத்திலிருந்த வாழைகளையும் இரண்டு கோகோ மரங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு படுத்தது. பிஞ்சுப் பலாக்கள் தெறித்து உருண்டன. எங்கிருந்தோ அத்தனை பறவைகள் கிளம்பிக் கத்திக்கொண்டு, மரம் இருந்த இடத்தின் வெற்று வானத்தில் சுற்றிச் சுற்றி வந்தன. வெயில் நேரடியாகத் தரையில் விழுந்தது. அந்த இடத்தில் அது அதுவரை விழுந்ததே இல்லை.

"நிறுத்தச் சொல்லு" என்று தங்கையின் தோளைப் பிடித்தாள். "மரத்தால இல்ல. என்னாலதான். நான் பெருக்குனதாலதான்."

மூச்சு வாங்க, வாயில் பற்பசை நுரையோடு, பூச்சியையும் இலையையும் பற்றிச் சொன்னாள். தங்கையின் கையைப் பிடித்துப் பம்பு ரூமுக்குப் பின்னால் இழுத்துப்போய்ப் பிஞ்சுகளைக் காட்டினாள். தங்கை பார்த்தாள். ஒரு மரத்தைப் பார்த்தாள், அடுத்த மரத்தைப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் ரம்பத்துக்குக் குறுக்கே நின்றாள். மரக்கடைக்காரர் கத்தினார், பேரம் பேசினார், சாய்ந்த பலாவை மட்டும் எடுத்துக்கொண்டு முணுமுணுத்தபடி போனார்.

"எப்பக்கா தெரிஞ்சுது" என்று தங்கை அப்போது கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரலில் கேட்கவில்லை. சும்மாதான் கேட்டாள்.

"நேத்து சாயங்காலம்" என்றாள் விரலம்மா. "கோழியத் தேடிக்கிட்டுப் போனப்ப."

பாதி உண்மையை வெளியே விட்டு மீதியைப் பூசி மெழுகிவிட்டாள். தங்கை அவளைக் கட்டிக்கொண்டாள். "தெரிஞ்சா செஞ்ச. எங்களுக்காகத்தானே செஞ்ச. நல்லவேளை, நீ ஓடி வந்த. இல்லன்னா மொத்தமும் போயிருக்கும்" என்றாள். உள்ளே ஓடிக் கணவரிடமும் அதையேதான் சொன்னாள். அக்கா இல்லையென்றால் தோட்டமே இல்லை என்று. அவர் படுத்தபடியே கையைக் கூப்பினார். விரலம்மாவுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. திட்டு வாங்கத் தயாராகப் போனவளுக்குக் கும்பிடு கிடைத்தால் அதை எங்கே கொண்டு வைப்பது.

பக்கத்து நிலத்துக்காரர்கூட விஷயம் கேள்விப்பட்டு வந்து, "பெரியம்மா கெட்டிக்காரங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு இரண்டு பேரும் இலை சேர்த்தார்கள். சாலையோர மரங்களின் அடியிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் போய் மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஊரெல்லாம் குப்பையை வெளியே கொண்டுபோய்க் கொட்டும்போது இவர்கள் மட்டும் உள்ளே கொண்டுவந்து கொட்டினார்கள். வாழைத்தண்டைத் துண்டு போட்டு ஒவ்வொரு கோகோவின் அடியிலும் வைத்தார்கள். பம்பு ரூமுக்குப் பின்னாலிருந்து மக்கிய ஓட்டைக் கூடையில் அள்ளி வந்து விதைப்பது போலத் தூவினார்கள். விரலம்மாவின் நகக்கண்ணில் கறுப்புச் சேறு ஏறியது. அவள் அதைக் கழுவவில்லை. கழுவ அவளுக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. தங்கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டே பேசினாள். அவள் பேசியதில் பாதி, கணவரைப் பற்றித்தான்.

"பாவம்க்கா அவரு. நான் வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன். நேத்து மன்னிப்புக் கேட்டேன். பரவால்லங்கறாரு. ஆனா முகம் இன்னும் தெளியல. நான் ஏசுனது உள்ள போய் உக்காந்துருச்சு போல. ஒரு வாரம் முன்னாடியே இது தெரிஞ்சிருந்தா அந்தப் பேச்சே வந்திருக்காது."

விரலம்மா கூடையைக் கீழே வைத்தாள்.

"நாளைக்குக் கோகோக்காரம்மா வர்றாங்களாம், போன் பண்ணுனாங்க" என்று தங்கை அதே மூச்சில் சொன்னாள். "அவங்ககிட்டயும் கேட்டுக்கலாம், நாம போடுறது சரியான்னு."

அந்த அம்மாள் வந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். பிறகு அவள் சொன்னதற்குக் காரணம் அந்தப் பயமா, அதற்கு முந்தைய வாக்கியமா என்பது அவளுக்கே தெளிவாகத் தெரியாது. முந்தைய வாக்கியத்திலேயே கூடையைக் கீழே வைத்துவிட்டாள் என்பது மட்டும் நிஜம். அதை வைத்து யாரும் அவளுக்கு நற்சான்றிதழ் கொடுக்க வேண்டியதில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

"நேத்துன்னு சொன்னது பொய்" என்றாள். "மரக்காரர் வந்து கோடு போடுறதுக்கு முன்னாடியே தெரியும். அந்தம்மா வந்து என்கிட்டத்தான் சொல்லிட்டுப் போனாங்க. நீங்க டாக்டர்கிட்டப் போன அன்னிக்கு. கூலி ஆளுங்க பெருக்கினாங்கன்னு அவங்ககிட்டயும் பொய் சொன்னேன்."

தங்கை குனிந்தபடியே இருந்தாள். கையிலிருந்த இலையைக் கீழே போடவுமில்லை, தூவவுமில்லை.

"அன்னிக்கு சாயங்காலம் நான் அவரை ஏசுனப்ப நீ கதவாண்ட நின்ன" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"அப்பவே தெரியும்."

"தெரியும்."

தங்கை நிமிர்ந்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்தால்கூடப் பெரியவளுக்குப் பழகியிருக்கும். சின்ன வயதிலிருந்து எத்தனையோ கோபத்தைப் பார்த்தவள். இது யாரோ தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வையாக இருந்தது.

"பெருக்குனதுக்கு உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. சத்தியமா இல்ல. ஆனா என் வாயால அவரை ஏச விட்டு நீ பாத்துக்கிட்டு நின்னியே." வீட்டுப் பக்கம் கையை நீட்டினாள். "என்கிட்ட எதுக்குச் சொல்ற. அவர்கிட்டப் போய்ச் சொல்லு."

விரலம்மா வீட்டைப் பார்த்து நடந்தாள். தங்கை பின்னாலேயே வருவாள் என்று நினைத்தாள். வரவில்லை. இலை தூவுகிற சத்தம் மறுபடி கேட்டது.

அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். சாய்ந்த பலாவின் இடைவெளி வழியாக வெயில் நேராகக் கட்டிலுக்கு வந்து அவர் முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் சிரித்தார். இடுப்பை மெல்ல அசைத்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் அவளுக்கு இடம் ஒதுக்கினார்.

"வாங்க அண்ணி. உக்காருங்க. பாவம், காலையிலேர்ந்து எங்களுக்காக அலையறீங்க."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லத் தொடங்கினாள்.